5ஏ என்று கேட்டால் போதுமா?

டிரம்ஸ் கற்கத் தொடங்குபவர் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது பெரும்பாலும் "5ஏ ஒரு ஜோடி குடுங்க" என்பதுதான். வகுப்பில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கடைக்காரரும் உறை போட்ட ஒரு ஜோடியை எடுத்து வைப்பார். பணத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. சிம்பல் வாங்கும்போது பத்து முறை தட்டிப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்டு, நண்பருக்குப் போன் போட்டு யோசனை கேட்கிறவர்கள்கூட, ஸ்டிக்கை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்ப்பதில்லை. கையில் மணிக்கணக்காக இருக்கப்போவது என்னவோ அந்தக் குச்சிதான்.

5ஏ என்பது தடிமனையும் நீளத்தையும் குறிக்கும் ஒரு பழைய வழக்கு. அமெரிக்காவில் பிறந்தது. எஸ் என்றால் தெரு அணிவகுப்புக்கு, பி என்றால் பேண்டுக்கு, ஏ என்றால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 'ஓ' அல்லவா வரவேண்டும்? டிரம் தயாரிப்பாளர் வில்லியம் எஃப். லட்விக்குக்கு அந்த எழுத்து அச்சில் பார்க்க நன்றாக இல்லை என்று தோன்றியதால் அது ஏ ஆனது என்று அந்தத் தொழிலில் ஒரு கதை உண்டு. எண் சிறிதாகச் சிறிதாகக் குச்சி தடிக்கும். விக் ஃபர்த் நிறுவனத்தின் வழக்கமான ஸ்டிக்குகளில் 7ஏ சுமார் 13.7 மில்லிமீட்டர் தடிமன், 5ஏ 14.4, 5பி 15.1, 2பி 16. வேறொரு நிறுவனத்தின் 5ஏ இதைவிட அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம். எல்லோரும் கட்டுப்பட்டாக வேண்டிய பொதுத் தரம் எதுவும் இதற்கு இல்லை.

அரை மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். உருண்டைத் தண்டின் எடை அதன் தடிமனின் இருமடிப்படி கூடுகிறது. வளையாமல் எதிர்த்து நிற்கும் விறைப்போ நான்மடிப்படி கூடுகிறது. 7ஏ-யிலிருந்து 5பி-க்குப் போனால் தடிமன் 1.4 மில்லிமீட்டர்தான் கூடுகிறது. ஒரே மரம், ஒரே நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எடை சுமார் 21 விழுக்காடு கூடும். விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ராக் வாசிப்பவர் 5பி-யையும் மெல்லிய ஜாஸ் வாசிப்பவர் 7ஏ-யையும் தேடுவதில் காரணம் இருக்கிறது. கை சிறியது என்பதற்காக மட்டும் மெல்லிய குச்சி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மெல்லிய குச்சியைப் பிடிக்க விரல்கள் அதிகமாக மூட வேண்டியிருக்கிறது. இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கே பிடிப்பது என்பதிலும் ஓர் அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. குச்சியின் பின்முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சந்திக்கும்படி பிடிக்கச் சொல்வது வழக்கம். அங்கே பிடித்தால் நன்றாகத் துள்ளும் என்பதோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். ஒரு தண்டை ஓர் இடத்தில் பிடித்துச் சுழற்றி இன்னொரு பொருளின் மேல் அடிக்கும்போது, அடி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பிடித்திருக்கும் இடத்தில் ஓர் உதறல் ஏற்படும். கிரிக்கெட் மட்டையில் பந்து தவறான இடத்தில் பட்டால் கை 'விண்' என்று தெறிக்கிறதே, அந்த உதறலிலும் இதற்குப் பங்கு உண்டு. அடி விழுந்தும் பிடித்த இடத்தில் இந்த உதைப்பு வராத ஒரே ஒரு புள்ளி ஒவ்வொரு பிடிக்கும் இருக்கிறது. சீரான தடிமனுள்ள தண்டை அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் பிடித்தால், கணக்குப்படி அந்தப் புள்ளி மிகச் சரியாக எதிர்முனையில் போய் நிற்கும். ஸ்டிக்கின் நுனி இருப்பதும் அங்கேதான். நியூட்டனின் விதிகளைப் படிக்காத அணிவகுப்பு வீரர்களின் கைகள் இதைத் தாமாகக் கண்டுபிடித்திருக்கின்றன.

உண்மையான ஸ்டிக் சீரான தண்டு அல்ல. தோள் என்று சொல்லும் இடத்திலிருந்து நுனி நோக்கிக் கூம்பிக்கொண்டே போகும். கூம்பல் நீளமாக இருந்தால் முன்பக்கம் இலேசாகும், குச்சி வேகமாகத் திரும்பும், ஆனால் கழுத்து மெலியும். கூம்பல் குட்டையாக இருந்தால் முன்பாரம்; அடி கனமாக விழும். ஆகவே இரண்டு 5ஏ-க்கள் தராசில் ஒரே எடை காட்டினாலும் கையில் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு விரலின் மேல் கிடத்தி, எந்த இடத்தில் நிலையாக நிற்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

இவ்வளவும் வடிவம். இனி மரம்.

டிரம்ஸ் ஸ்டிக்குக்கு உலகம் முழுக்க முதலிடம் ஹிக்கரிக்குத்தான். வால்நட் குடும்பத்தைச் சேர்ந்த மரம். உலர்பழக் கடைகளில் கிடைக்கும் பீக்கன் பருப்பு தருவதும் இதே பேரினம்தான். ஸ்டிக்குக்கான கட்டை அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளிலிருந்து வருகிறது. டிரம்ஸுக்கு வருவதற்கு முன்பே கோடரிப் பிடி, சம்மட்டிப் பிடி, குதிரை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் எல்லாம் இதில்தான் செய்தார்கள். எஃகுத் தண்டு வருவதற்கு முன் கோல்ஃப் மட்டையின் தண்டும் ஹிக்கரிதான். இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும்: எல்லாமே திடீர் அடி வாங்கும் பொருட்கள்.

மரத்தின் வலிமையை இரண்டு விதமாக அளக்கலாம். மெதுவாகப் பாரம் ஏற்றி எப்போது முறிகிறது என்று பார்ப்பது ஒன்று. இதில் ஷாக்பார்க் வகை ஹிக்கரி சுகர் மேப்பிளைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மேல். இன்னொன்று, 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ எடையைக் கட்டையின் மேல் போட்டு, ஒவ்வொரு முறையும் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போய், எந்த உயரத்தில் முறிகிறது என்று பார்ப்பது. அமெரிக்க வனத்துறையின் கையேட்டில் உலர்ந்த கட்டைகளுக்கான எண்கள் இருக்கின்றன: வெள்ளை ஓக் 94 சென்டிமீட்டரில் முறிகிறது, சுகர் மேப்பிள் 99-இல், ஷாக்பார்க் ஹிக்கரி 170-இல். மெதுவான பாரத்தில் சிறிதாகத் தெரிந்த வித்தியாசம், அடி என்று வரும்போது இவ்வளவு விரிகிறது. ஸ்னேர் டிரம்மின் விளிம்பையும் தோலையும் ஒரே அடியில் தாக்கும் ரிம் ஷாட்டில் ஸ்டிக் சந்திப்பது இரண்டாவது வகைச் சோதனையைத்தான்.

அதற்காக மேப்பிள் மட்டம் என்று அர்த்தமில்லை. ஹிக்கரி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ என்றால் மேப்பிள் சுமார் 700. எனவே அதே எடைக்குச் சற்றுத் தடித்த குச்சி கிடைக்கும். பிடிக்கு இதமாக இருக்கும். மெல்ல வாசிக்க வேண்டிய ஆர்க்கெஸ்ட்ராவிலும் ஜாஸிலும் அது பெரிய வசதி. ஓக் இன்னொரு கோடி. ஹூஸ்டனில் ஹெர்ப் ப்ரோக்ஸ்டீன் 1957-இல் தொடங்கிய ப்ரோ-மார்க் நிறுவனம் ஷிரா காஷி என்ற ஜப்பானிய ஓக்கில் ஸ்டிக் செய்து பெயர் வாங்கியது. ஜப்பானில் வாள்பயிற்சிக்கான மரவாள்களும் காஷி மரத்தில்தான். கனமும் கடினமும் கூடுதல். நீண்ட நாள் உழைக்கும் என்று விரும்புகிறவர்கள் உண்டு, மணிக்கட்டு வலிக்கிறது என்று விலகுகிறவர்களும் உண்டு.

ஹிக்கரியைப் பற்றி நம் ஊர்த் தச்சர் ஒருவரிடம் சொன்னால் உடனே ஒரு கேள்வி கேட்பார்: வைரம் பாய்ந்த கட்டையா, வெள்ளையா? நமக்கு வைரம் என்றால் உறுதி. கதவு நிலையில் வெள்ளை வந்துவிட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஸ்டிக் உலகில் நேர்மாறு. மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் செய்த வெளிர் நிறக் குச்சிக்குத்தான் மவுசு. செம்பழுப்பு வைரம் கலந்தால் இரண்டாந்தரம் என்று ஒதுக்குவார்கள். இரண்டு நம்பிக்கையும் இங்கே செல்லாது. ஒரே எடையுள்ள சிவப்பு ஹிக்கரிக்கும் வெள்ளை ஹிக்கரிக்கும் வலிமையில் வித்தியாசமில்லை என்று அமெரிக்க வனத்துறைச் சோதனைகள் எப்போதோ காட்டிவிட்டன. வைரத்தில் சேரும் வேதிப்பொருட்களின் வேலை பொதுவாகப் பூஞ்சையையும் பூச்சியையும் எதிர்ப்பது. கரையான் நடமாடும் நிலைப்படிக்கு அது உயிர்நாடி. சில வாரங்களில் தேய்ந்து தீரப்போகும் ஸ்டிக்குக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பழுப்புக் கோடு விழுந்த ஜோடி தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

நிறத்தைப் பார்க்கும் கண்ணை நார் ஓடும் திசைக்குத் திருப்புவதுதான் முக்கியம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மரம் நீளவாக்கில் இழுத்தால் தாங்குவதற்கும் குறுக்குவாக்கில் இழுத்தால் தாங்குவதற்கும் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். விறகு பிளப்பவர் எந்தப் பக்கம் கோடரி போடுகிறார் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நார் குச்சியின் நீளத்தோடு நேராக ஓடாமல் சரிந்து ஓடினால், அந்தப் பலவீனமான திசை கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பின் பாதைக்குள் வந்துவிடும். எவ்வளவு சரிவுக்கு எவ்வளவு இழப்பு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 20 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிந்தால் அடி தாங்கும் திறன் நேர் நாரில் இருப்பதில் சுமார் 90 விழுக்காடு. பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 62. ஐந்துக்கு ஒன்று என்றால் 36. மெதுவான பாரத்தில் இழப்பு இதைவிடக் குறைவு. இங்கேயும் அடிதான் மரத்தின் குறையை முதலில் காட்டிக்கொடுக்கிறது. 5ஏ ஸ்டிக்கின் தடிமன் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. பத்துக்கு ஒன்று சரிந்தால் ஒரு பக்கத்தில் தொடங்கிய நார் ஒரு சாண் போவதற்குள் மறுபக்கத்தில் வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட குச்சி எந்த நிறுவனத்தின் முத்திரையைத் தாங்கியிருந்தாலும் கழுத்தில் கோணலாகப் பிளக்கும்.

இந்தப் பாடத்தை அமெரிக்க பேஸ்பால் பட்டுத்தான் கற்றது. 2008-இல் மேப்பிள் மட்டைகள் ஆட்டத்தின் நடுவே பிளந்து, கூரான துண்டுகள் வீரர்கள் மேலும் பார்வையாளர் வரிசையிலும் பறந்தன. போட்டி அமைப்பினர் உடைந்த மட்டைகளை இரண்டாயிரத்துக்கும் மேல் சேகரித்து ஆராய ஏற்பாடு செய்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் மரப்பொருள் ஆய்வுக்கூடமும் அதில் சேர்ந்துகொண்டது. கிடைத்த விடை: நார்ச் சரிவு. மேப்பிளில் வருட வளையங்களின் கோடு கண்ணுக்குத் தெரியும். நாரின் திசை தெரியாது. வளையம் நேராக இருக்கிறதே என்று நம்பிச் செய்த மட்டைக்குள் நார் முறுக்கிக்கொண்டு போயிருக்கும். தீர்வு மிக எளிமையானது. மட்டையின் பிடியில் ஒரு சொட்டு மை வைக்க வேண்டும். மை மரத்தின் நுண்குழாய்களைப் பிடித்துக்கொண்டு மெல்லிய கோடாக ஓடும். அந்தக் கோடு மட்டையின் நீளத்தோடு மூன்று பாகைக்கு மேல் விலகக் கூடாது. மூன்று பாகை என்பது ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று. அந்த மைப்பொட்டு 2009 முதல் கட்டாயமானது. மட்டை சிதறுவதும் வெகுவாகக் குறைந்தது.

கடையில் ஸ்டிக்கின் மேல் மை வைக்க விடமாட்டார்கள். ஹிக்கரிக்கு அது தேவையும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மேற்பரப்பெங்கும் ஊசியால் கீறியதுபோல் சிறுசிறு பழுப்புக் கோடுகள் தெரியும். அவை மரம் நீரேற்றிய குழாய்களின் வாய்கள். அவை ஓடும் திசைதான் நாரின் திசை. குச்சியை மெல்ல உருட்டிக்கொண்டே அந்தக் கோடுகளைத் தொடருங்கள். நீளத்துக்கு இணையாக ஓடினால் நல்ல கட்டை. திருகாணி மரைபோல் சுற்றிக்கொண்டு போனால் கீழே வைத்துவிடுங்கள். தோளுக்கு மேல் கூம்பும் இடத்தில் அம்புமுனைபோல் அடுக்கடுக்காக வடிவங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சாய்வாகச் சீவும்போது வருட வளையங்கள் வெட்டுப்பட்டு உண்டாகும் வடிவம் அது; மிக நேரான நார் உள்ள குச்சியிலும் வரும். நல்ல குச்சியைக் கீழே வைப்பதும் கெட்டதை எடுத்துக்கொள்வதும் இந்தக் குழப்பத்தால்தான்.

அடுத்து, கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்ப்பது. எல்லா டிரம்மருக்கும் தெரிந்த சோதனை. நேரான குச்சி 'கர்ர்' என்று ஒரே சீராக ஓடும், வளைந்தது தத்தித் தத்தி ஓடும். வளைவு வெறும் அழகுக்குறை மட்டும் இல்லை. நார் ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ கட்டை ஒரே சீராகக் காயாமல் இருந்தாலோதான் குச்சி வளைகிறது. இன்று கொஞ்சம் வளைந்தது அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வளையும்.

பிறகு காது. முன்பு சொன்ன நிறுவனத்துக்குப் பெயர் தந்த விக் ஃபர்த், பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் டிம்பனி வாசித்தவர். கடையில் கிடைத்த குச்சிகள் எதுவும் பிடிக்காமல், 1963-இல் தானே செய்யத் தொடங்கினார். தரையில் விழுந்த குச்சிகள் வேறுவேறு சுருதியில் ஒலித்ததைக் கேட்டு, ஒரே சுருதி உள்ளவற்றைச் சேர்த்து ஜோடியாக்கும் யோசனை அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். இது வெறும் இசைக்காரரின் நுட்ப ரசனை இல்லை. ஒரே வடிவில் கடைந்த இரண்டு குச்சிகளின் சுருதி, மரத்தின் விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தைச் சொல்கிறது. சுருதி மட்டும் ஒத்துப்போனால் போதாது; கனமான விறைத்த குச்சியும் இலேசான தளர்ந்த குச்சியும் ஒரே சுருதி தரலாம். எடையும் ஒன்று, சுருதியும் ஒன்று என்றால்தான் இரண்டு மரங்களும் உண்மையிலேயே ஒரு ஜாடை. பெரிய நிறுவனங்கள் இரண்டையும் அளந்தே ஜோடி சேர்க்கின்றன. ஆனாலும் உறைக்குள் மாறிப்போவது உண்டு. பின்முனையிலிருந்து நாலு விரற்கடைக்குச் சற்று மேலே இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு, நடுவில் தட்டுங்கள். அதிர்வில் அந்த இடம் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால் விரல் ஒலியை அமுக்காது. இரண்டு குச்சியும் ஒரே ஸ்வரம் சொன்னால் ஸ்னேரில் வலது கையும் இடது கையும் ஒன்றுபோல் பேசும். ஹை-ஹாட்டில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இரண்டு கையிலும் ஒரே குச்சி என்பது டிரம்ஸின் இலக்கணம், எல்லாத் தோல்கருவிக்கும் பொருந்துவதல்ல. பறை வாசிப்பவர் வேண்டுமென்றே இரண்டு வேறு குச்சி எடுக்கிறார்: ஒரு கையில் மூங்கிலில் சீவிய நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையாகத் தடித்த அடிக்குச்சி. மூங்கிலில் வலிமையான நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், மெல்லிய சிம்பாகச் சீவினாலும் வளையும், ஒடியாது. இலேசான அந்தக் குச்சி தோலைத் தொட்டவுடன் விலகிவிடும். தொடும் நேரம் குறையக் குறையக் கீச்சான அதிர்வுகள் அதிகம் எழும். கனத்த குச்சி சற்று அதிக நேரம் தங்கி, தோலின் தாழ்ந்த குரலை எழுப்பும். ஒரே தோலில் இரண்டு குரல்.

நுனி விஷயமும் இதே கணக்குத்தான். சிறிய உருண்டை நுனி, தொடும் பரப்பு குறைவு, சிம்பலில் தெளிவான கூர்மையான ஒலி. பெரிய நுனி, கனத்த மங்கிய ஒலி. நைலான் நுனி 1958-இல் நயாகரா ஃபால்ஸ் நகரத்து ஜோ கலாட்டோவின் கைவேலை. மரநுனி சிம்பலில் பட்டுப்பட்டு நார் பிரிவதற்கு மாற்றுத் தேடியவர் அவர். நைலான் பிரியாது, சிம்பல் கொஞ்சம் கண்ணாடித்தனமாக ஒலிக்கும். எனக்கு மரநுனிதான் பிடிக்கும், அது ரசனை.

நம் கடலோர ஊர்களுக்கென்று ஒரு தொல்லை தனியாக இருக்கிறது: ஈரம். மரம் சுற்றியுள்ள காற்றோடு ஓயாமல் ஈரம் கொடுத்து வாங்கும். ஏ.சி. ஓடும் வறண்ட அறையில் அதன் ஈரம் எடையில் ஆறேழு விழுக்காட்டுக்கு இறங்கலாம். சென்னைக் காற்றில் நாள்பட வைத்தால் பதினான்குக்கு மேல் போகலாம். உலர்ந்த மரம் விறைப்பானது. ஈரம் ஏறினால் எடை கூடும், விறைப்பு தளரும். அதிலும் ஹிக்கரி ஈரத்துக்கு அதிகமாக ஊதிச் சுருங்கும் மரங்களில் ஒன்று. மேலே பூசும் லாக்கர் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ஸ்டிக் பையைப் போட்டு வைப்பவர்கள் வளைந்த குச்சிக்காக நிறுவனத்தைத் திட்டக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் தீர்ப்பு: ஹிக்கரி, 5ஏ, மரநுனி, யாருடைய கையெழுத்தும் இல்லாத சாதாரண மாடல். பெரிய கலைஞரின் பெயர் பொறித்த ஸ்டிக் அவர் கைக்கும் அவர் மேடைக்கும் அளந்தது. மரத்தின் பெயரே போடாத ஸ்டிக்கை வாங்க வேண்டாம். மூன்று நான்கு ஜோடிகளை உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உருட்டி, நார் பார்த்து, தட்டிப் பார்த்து எடுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், காய்கறிக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள்தானே நாம். உடைந்த ஸ்டிக்கையும் தூக்கிப்போடுவதற்கு முன் ஒரு முறை பாருங்கள். நீளமான சிம்புகளாகப் பிரிந்திருந்தால் நல்ல மரம், அடிபட்டு ஓய்ந்திருக்கிறது. நார் இழுபடாமல் மொட்டையாக ஒடிந்திருந்தாலோ ஒரே கோணல் கோட்டில் பிளந்திருந்தாலோ அது வாங்கும்போதே இருந்த குறை. நுனி பிளந்த குச்சியை மட்டும் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். அந்தக் கூர்முனை ஸ்னேர் தோலைக் கிழித்துவிடும். நல்ல ஸ்னேர் தோலின் விலை ஒரு ஜோடி ஸ்டிக்கின் விலையைவிட அதிகம்.